என் தம்பி போட்ட கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலைகாரர்களுக்கு வழக்கு, வக்கீல் என்று இழுக்காமல் உடனே தூக்கில் போட வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படிக் கேட்டால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனாலும் தூக்கு வேண்டாம் என்பேன். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

சில வருஷம் முன்பு எங்கள் தெருவில் ஒரு கொலை நடந்தது. அன்று ராத்திரியே என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயது 19. வியாசர்பாடிப் பையன் என்றாலே ரவுடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றாம் நாள், நான்தான் செய்தேன் என்று கையெழுத்து போட்டுவிட்டான். புழல் ஜெயிலுக்கு மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது, "ஏன்டா போட்ட?" என்று அம்மா அழுதார்கள். "போட்டா தூங்க விடுறேன்னாங்கம்மா" என்றான். வலது கை விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாதாரண வழக்கில் செல்லாது. அதனால்தான் பிழைத்தான். வேறு சாட்சியும் நிற்கவில்லை. நாலு வருஷம் வாய்தாவுக்கு அலைந்த பிறகு விடுதலை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிக்கிய பேரறிவாளனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கைதானபோது அவருக்கும் 19 வயதுதான். அப்போது இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில், போலீஸ் எஸ்.பி. எழுதும் வாக்குமூலம் செல்லுபடியானது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. 2011 செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டதால் தப்பினார். குண்டுக்குப் பேட்டரி வாங்கித் தந்தார் என்பதுதான் அவர்மீது சொன்ன குற்றம். 'பேட்டரி எதற்கென்று தெரியாது' என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, வாக்குமூலம் எழுதிய அதிகாரி வாய் திறந்தது 2013-ல். குறித்த நாளில் தூக்கிலிட்டிருந்தால், பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாளுக்கு அந்த அதிகாரி என்ன பதில் சொல்லியிருப்பார்?

மகாராஷ்டிரத்தில் நாடோடி இனத்தவர் ஆறு பேருக்கு 2009-ல் தூக்கு என்றதும் உச்ச நீதிமன்றம்தான். 2019-ல் அந்த ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்ததும் அதே நீதிமன்றம்தான். உயிரோடு இருந்ததால் வெளியே வந்தார்கள்.

குற்றம் செய்தவனை ஆயுசுக்கும் உள்ளே வையுங்கள், சரி. உயிரை மட்டும் எடுக்காதீர்கள்.

தம்பி இப்போது டிரெய்லர் ஓட்டுகிறான். சரக்கு இறக்கிய இடத்தில் சீட்டை நீட்டினால், இரண்டு தடவை படித்துவிட்டு, அப்புறம்தான் பேனாவைக் கையில் வாங்குகிறான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வியாசர்பாடி, சென்னை – 39