முத்திப்போன மெலனோமாவுக்கு நம்ம ஊர்லயே டிஐஎல் ட்ரையல் வேணும்: ஐசிஎம்ஆருக்கும் அரசு கேன்சர் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்க பெரியப்பாவுக்கு குதிகால்ல கருப்பா ஒண்ணு வந்துச்சு, ஆணின்னு நெனச்சு மாசக்கணக்கா பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டே இருந்தாரு, பயாப்ஸி எடுத்து மெலனோமாங்கற தோல் புற்றுநோய்னு தெரியறதுக்குள்ள தொடை இடுக்குல நெறி கட்டிடுச்சு, அப்புறம் நுரையீரலுக்கும் போயிடுச்சு. உடம்போட நோய் எதிர்ப்பு சக்திய தூண்டிவிடற இம்யூனோதெரபி கொஞ்ச நாள் கேட்டுச்சு, பிறகு கேக்கல. அடுத்து என்ன டாக்டர்னு கேட்டப்போ அவர்கிட்ட பதில் இல்ல.

ஆனா அடுத்தது ஒண்ணு இருக்கு, அதுதான் டிஐஎல், கட்டிக்குள்ள இருக்கற நோய் எதிர்ப்பு செல்கள வெளிய எடுத்து வளர்த்து திருப்பிக் கொடுக்குற சிகிச்சை. அமெரிக்காவுல ஸ்டீவன் ரோசன்பெர்க்ங்கற டாக்டரோட டீம் 1988லயே மெலனோமா நோயாளிகளுக்கு செஞ்சு காட்டினது. கட்டியில ஒரு துண்டை வெட்டி எடுத்து, சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிசா நறுக்கி, செல்கள பெருக வைக்கிற இன்டர்லூகின்-2ங்கற புரதத்த ஊத்தி வளர்க்கிறாங்க, கட்டிக்குள்ள ஏற்கெனவே புகுந்து சண்டை போட்டுட்டிருந்த டி செல்கள்ங்கற நோய் எதிர்ப்பு செல்கள் சில வாரத்துல கோடி கோடியா பெருகும், கீமோ கொடுத்து உடம்புல இடம் பண்ணிட்டு அதை ட்ரிப்ஸ்ல ஏத்துறாங்க. காய்ச்சல், குளிர், பிரஷர் இறங்குறதுன்னு கஷ்டமான சிகிச்சைதான், மறைக்கல.

2024 பிப்ரவரில அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு அனுமதி கொடுத்துச்சு. அப்போ வெச்ச விலை 5,15,000 டாலர். நம்ம காசுக்கு 4 கோடிக்கு மேல, யாரால முடியும்? ஆனா நெதர்லாந்து, டென்மார்க் ஆஸ்பத்திரிங்க மருந்து கம்பெனிய எதிர்பார்க்காம தங்களோட லேப்லயே செல் வளர்த்து 168 பேர வெச்சு ட்ரையல் நடத்துனாங்க. 2022ல ரிசல்ட் வந்துச்சு: டிஐஎல் எடுத்தவங்கள்ல 49 சதவீதம் பேருக்கு கட்டி சுருங்குச்சு, இபிலிமுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து எடுத்தவங்கள்ல 21 சதவீதம்தான். நான் உங்ககிட்ட கேக்குறது இந்த வழியத்தான்.

நம்மளால முடியாதுன்னு சொல்லாதீங்க. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கு, நோயாளியோட டி செல்கள லேப்ல மாத்தி திருப்பி ஏத்துற கார்-டி செல் சிகிச்சை கொண்டு வந்து 2023ல அனுமதியும் வாங்கிட்டாங்களே, அதுவும் வெளிநாட்டு விலையில ஒரு சின்ன பங்குக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. வெளிநாட்டு ட்ரையல்ல பெரும்பாலும் வெயில்பட்ட தோல்ல வர்ற மெலனோமாதான். நமக்கு பாதத்துலயும் நகத்துக்கு அடியிலயும் வர்றதுதான் முக்கியமான பிரச்சனை, அதுக்கு டிஐஎல் எவ்வளவு கேக்கும்னு நம்ம நோயாளிகள வெச்சு நாமதான் பாக்கணும், வேற யாரும் நமக்காக பண்ணித் தர மாட்டாங்க.

ஆரம்பிக்கும்போது லேபுக்கும் ஐசியு பெட்டுக்கும் மட்டும் பட்ஜெட் போட்டு நிறுத்திடாதீங்க. வேலைய விட்டுட்டு வாரக்கணக்கா கூட இருக்கப்போற குடும்பத்துக்கு தங்குற செலவையும், சாப்பாட்டையும் அதுலயே சேர்த்துடுங்க.