வழுக்கினால் போதுமா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் செய்தால் "நல்லா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். அண்ணன் வேலை விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது, மீதியை அவனே சொல்லட்டும். மாடி அறையில் உன் புத்தகங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சிலவற்றை எடுத்துப் படித்தேன். கோபப்படாதே, பென்சிலால்தான் கோடு போட்டிருக்கிறேன்.

செயற்கை இடுப்பு மூட்டில் பந்து உட்கார்ந்து அசையும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு நீ போடும் பூச்சின் உராய்வுக் கெழு, அதாவது எவ்வளவு உரசுகிறது என்று சொல்லும் எண், 0.01-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதாமே? பூச்சு இல்லாத பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு குறைவு என்றும், உன் கைடு எல்லாரையும் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார் என்றும் அண்ணன் சொன்னான். அவன் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் பாதி வாழ்க்கை நின்றவள் நான், எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாயா? போகட்டும். நல்ல குருத்தெலும்பு வழுக்கும் அளவுக்கு மனிதர் செய்த ஒரு பொருள் வழுக்குகிறது என்றால் சாதாரணமில்லை. இந்தப் படிப்பை நீ எடுத்தபோது, "உரசலைப் படிக்க ஒரு பட்டமா" என்று அப்பா கேட்டாரே, நினைவிருக்கிறதா? பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் 1966-ல் பிரிட்டன் அரசுக்குக் கொடுத்த அறிக்கையை எடுத்து நீ அவர் முன்னால் வைத்தாய். உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று அதில் போட்டிருந்தது. உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை மீறுவதற்கே போகிறது என்றும் சொன்னாய். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி.

சரி, எடை போட்டாயா?

எவ்வளவு தேய்ந்தது என்று தெரிய, கிண்ணத்தைச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போட வேண்டும் என்பது எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாமல் இருக்காது. சோதனையில் அது மூழ்கியிருக்கும் திரவத்தை உறிஞ்சி எடை கூடிவிடும் என்பதால், பாரமில்லாமல் சும்மா ஊறும் இன்னொரு கிண்ணமும் பக்கத்தில் இருக்க வேண்டும். உன் பூச்சு தண்ணீரைக் குடித்துத்தான் வழுக்குகிறது, ஆகவே உனக்கு அது இன்னும் அவசியம். தேய்ந்த எடையை உறிஞ்சிய தண்ணீர் மறைத்துவிடும். போன தடவை பேசும்போது, "திரவம் கொஞ்சம் கலங்கலா இருக்கும்மா" என்றாய். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அப்பாவின் கண்ணைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். அப்பாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

கலங்கினால் தேய்மானம்தான் என்று நான் சொல்லவில்லை. மூட்டுத் திரவத்துக்குப் பதிலாக மாட்டு ரத்தத்தின் சீரத்தில் ஓட்டுகிறாய், சூடேறினால் அதிலுள்ள புரதம் கெட்டுத் திரளும், அதனாலும் கலங்கும். தெளிவாக இருந்தால் தேயவில்லை என்றும் அர்த்தமில்லை. உடம்புக்குப் பெரும்பாலும் கேடு செய்பவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னத் துகள்கள். கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும். வேறு வழியில்லை.

நீ விட்டுப்போன புத்தகங்களில், இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு வழிபோட்ட பிரிட்டிஷ் சர்ஜன் ஜான் சார்ன்லி வருகிற இடத்தை நான் மறுபடி மறுபடி படித்தேன். எங்கள் சர்ஜன்கள் அவர் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை இருக்கும். தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக அக்ரிலிக் பிளாஸ்டிக் பந்து வைத்த ஒரு நோயாளிக்கு அசைந்தாலே இடுப்பு கிரீச்சிடும், மனைவி அவர் இருக்கும் அறைக்கே வரமாட்டாராம். சத்தம் வந்தால் உராய்வு அதிகம், உராய்வு அதிகமானால் ஒவ்வொரு அடிக்கும் பந்தைத் தாங்கும் தண்டு முறுக்கப்பட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிடும் என்று சார்ன்லி கணக்குப் போட்டார். மிகக் குறைவாக உராயும் பொருளைத் தேடினார், டெஃப்லான் கிடைத்தது. பந்தையும் சிறிதாக்கி 22.225 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். உராய்வு விசை அதேதான், ஆனால் ஆரம் குறைவதால் முறுக்கு குறைகிறது. இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, பாப்பா. நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சின்னப் பந்து டெஃப்லான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போயிருந்தது. உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது. ஏறத்தாழ 300 பேருக்கு அதை வைத்திருந்தார்.

உராய்வு குறைவுதான், அதில் அவர் ஏமாறவில்லை. டெஃப்லானின் நீள மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சுலபமாக நழுவுகின்றன, வழுக்குவது அதனால்தான். அதே காரணத்தால்தான் மெல்லிய ஏடாக உரிந்தும் போகிறது. 1962-ல், நெசவு எந்திரங்களுக்கு பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்க வந்தவர் பாலிஎத்திலீன் சாம்பிள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்து, இது ஆகாது என்று விட்டுவிட்டார். அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன்தான் கேட்காமல் அதைச் சோதனை எந்திரத்தில் மாட்டி, சார்ன்லி ஊரில் இல்லாத நாட்களிலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. பாலிஎத்திலீனுக்கு உராய்வு டெஃப்லானைவிட அதிகம், தெரியும்தானே? கூடுதலாக உராய்ந்த பொருள்தான் நின்றது. இன்றும் பெரும்பாலான கிண்ணங்கள் அதன் வாரிசுகள்தான்.

எனக்குப் பிடித்தது சார்ன்லி அடுத்துச் செய்தது. டெஃப்லான் துகளையும் பாலிஎத்திலீன் துகளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். டெஃப்லான் இருந்த இடத்தில் கட்டி தட்டுப்பட்டது, மற்றதில் இல்லை. 1963-ல் அதை லான்செட்டில் எழுதினார். நீ அப்படி ஒன்றும் செய்துவிடாதே, சொல்லிவிட்டேன்.

பழைய செயற்கை மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் ரிவிஷன் ஆபரேஷனை நீ பார்த்ததில்லை. பழைய பாலிஎத்திலீன் கிண்ணத்தை எடுப்பதற்காகத் திறந்தால், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக, கூழாக ஒன்று இருக்கும். துகள்களை விழுங்க வந்த மேக்ரோபேஜ் செல்களால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. அவை விடும் சமிக்ஞைகளால் உடம்பே தன் எலும்பைக் கரைத்துவிடுகிறது. கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுப்பார்கள். ஒரு பக்கம் சுவர் மெலிந்து, உள்பக்கம் பளபளவென்று இருக்கும். அவ்வளவு வழவழப்பு! அதை உரசிப் பார்த்து யாராவது கெழு எடுத்திருந்தால் நல்ல எண்தான் வந்திருக்கும்.

வழுக்குவதெல்லாம் நல்லது என்று தியேட்டரில் யாரும் நினைப்பதில்லை. பட்டுத் தையல் நூலில் முடிச்சு சட்டென்று நிற்கும். வழவழப்பான பாலிப்ரோபிலீன் நூல் திசுவில் அழகாக ஓடும், ஆனால் முடிச்சு நழுவாமலிருக்கக் கூடுதல் சுற்றுப் போட வேண்டும். சிமென்ட் வைத்து எலும்பில் ஒட்டாத கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைச் சொரசொரப்பாகவே செய்கிறார்கள். எலும்பு வளர்ந்து பிடிக்கும்வரை அதை அசையாமல் பிடித்திருப்பது உராய்வுதான். அங்கே மிகச் சிறிய அசைவு, 150 மைக்ரானைத் தாண்டினாலே, எலும்புக்குப் பதில் நார்த் திசு வளர்ந்துவிடும். ஒரே கிண்ணம், உள்ளே வழுக்க வேண்டும், வெளியே பிடிக்க வேண்டும். இதை நீதான் எனக்கு முதலில் படம் போட்டுச் சொன்னாய், காலண்டர் பின்பக்கத்தில். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிண்ணத்தை நடையைப் போல அசைக்கும் எந்திரத்தை 5 லட்சம் சுழற்சியில் நிறுத்திவிட்டீர்கள் என்றான் அண்ணன். அவன் தப்பாகக் கேட்டிருக்கலாம். சாதாரணமாக நடக்கிற ஒருவர் ஒரு இடுப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் சுழற்சி போடுகிறார். 5 லட்சம் என்றால் ஆறு மாத நடை. விதிமுறையில் 50 லட்சம் என்றுதானே இருக்கிறது? நொடிக்கு ஒன்று வீதம் நிற்காமல் ஓடினாலும் இரண்டு மாதம் ஆகும். அந்த எந்திரத்துக்கு அங்கே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், கைடுக்கு என்ன அவசரம் என்பதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. சார்ன்லியின் டெஃப்லானும் ஆறு மாதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்று. உன் சோதனை முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் போகிறதா, குறுக்கேயும் திரும்புகிறதா? ஒரே திசையில் தேய்த்தால் பாலிஎத்திலீனின் மூலக்கூறுகள் அந்தத் திசைக்கே படிந்து பலப்பட்டு, தேய்மானம் பொய்யாகக் குறைந்து தெரியும் என்று உன் புத்தகத்தில்தான் இருக்கிறது. இடுப்பு நேர்க்கோட்டில் அசைவதில்லை. அந்தப் பக்கத்தில் நீயே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதனால்தான் கேட்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை. கட்டுரை எப்போது போகிறது, அதில் எது இருக்கிறது, எது இல்லை என்பது உனக்கும் உன் கைடுக்கும் உள்ள விஷயம்.

சின்ன வயதிலிருந்தே நீ மதிப்பெண் குறைந்த தாளை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்வாய். அண்ணன் அப்படியில்லை, குறைந்ததைத்தான் முதலில் நீட்டுவான், திட்டு வாங்கி முடித்துவிட்டு விளையாடப் போவான். ஆனால் வீட்டிலேயே அதிகம் உழைப்பவள் நீதான், அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பூச்சை ஒட்டவைக்க ராத்திரியெல்லாம் எத்தனை தடவை திரும்பச் செய்திருப்பாய் என்று நினைக்கிறேன். தேய்கிறது என்று தெரிந்தால் அந்த உழைப்பு வீண் என்று யார் சொன்னது? எத்தனை சுழற்சிக்குப் பிறகு உரிகிறது, ஓரத்திலா நடுவிலா, ஒட்டிய இடம் விடுகிறதா அல்லது பூச்சே கிழிகிறதா என்று நீ எழுதினால், அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். அந்த வரைபடத்தையும் உன் கைடு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டலாமே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தூங்கு. எடை போடு. முதலில் உலர்த்து, ஒரே வெப்பநிலையில் வை, பிறகு எடை போடு. ஒரு தடவை போட்டது போதாது, திரும்பப் போடு.

அண்ணனிடம் நான் எழுதியதைச் சொல்லாதே, தன்னைக் கோள்மூட்டி ஆக்கிவிட்டேன் என்பான். ஞாயிறு போன் செய்தால் அப்பாவும் இருப்பார். என்னிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் மதியம் கூப்பிடு, அவர் தூங்குவார். எடை விவரம் வந்திருந்தால் அதையே முதலில் சொல், என் உடம்பைப் பற்றி விசாரிப்பதெல்லாம் அப்புறம். தியேட்டரில் கிண்ணம் வாங்கிய கை யாராவது வந்து உன் கைடிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நான் தயார். வேண்டாம்மா என்று பதறுவாய், தெரியும். இருந்தாலும் அவருடைய போன் நம்பரை அனுப்பி வை.

இப்படிக்கு,
அம்மா