தம்பியைத் தெரிந்துகொள்ள சில புத்தகங்கள்

அன்புள்ள கயலுக்கு,

ஆட்டிசம் உள்ள உன் தம்பியோடு பழக என்னென்ன படிக்கலாம் என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். அவர் கேட்டதே எனக்குப் பெரிய நிறைவு. உனக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இவற்றையெல்லாம் நான் தேடித்தேடிப் படித்த காலத்தில் நீ விடுதியில் இருந்தாய்.

டாக்டர்கள் எழுதியதில் தொடங்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியதுதான் முதலில். ஜிம் சின்கிளேர் 1993-ல் பெற்றோருக்காக எழுதிய 'டோன்ட் மோர்ன் ஃபார் அஸ்' சில பக்கக் கட்டுரைதான். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்பதற்காக அழுகிறீர்கள், அந்த அழுகையை எங்கள் மேல் ஏற்றாதீர்கள் என்கிறார். கொஞ்சம் சுடும். சுடட்டும்.

அப்புறம் டெம்பிள் கிராண்டினின் 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' (1995). கால்நடைகள் மிரளாமல் நடந்துபோகும்படி தொழுவங்களையும் பாதைகளையும் வடிவமைத்தவர், பேராசிரியர். சத்தமும் தொடுதலும் தன் உடம்பை என்ன செய்கின்றன என்று அவர் எழுதியதைப் படித்தால், மிக்சி ஓடும்போது தம்பி காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவது அடம் இல்லை என்று மாப்பிள்ளைக்குப் புரியும். ஆனால் அவரைப் போலவே எல்லோரும் படங்களாக யோசிப்பதில்லை; இதைப் பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். தம்பி பேசுவது சில சொற்கள்தான். அவனை அவரோடு ஒப்பிட்டு யாரும் ஏங்க வேண்டாம்.

பெற்றோர் எழுதியதில் எனக்கு மிக நெருக்கமானது கிளாரா கிளைபோர்ன் பார்க்கின் 'தி சீஜ்'. 1967-ல் வந்தது. அதே ஆண்டில்தான் சிகாகோவில் மனநலப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' எழுதி, பெற்றவர்களின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற எண்ணத்தை ஊரெல்லாம் பரப்பினார். அந்தப் பழியைச் சுமக்க வேண்டியிருந்த தாய்மாரில் ஒருத்தி, தன் மகளின் முதல் எட்டு ஆண்டுகளைப் பொறுமையாக, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிவைத்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உறவுக்காரர்கள் என்னைக் கேட்ட கேள்விகள் உனக்கு நினைவிருக்கும். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், வேலைக்குப் போனதால்தானே என்று. அந்த நாட்களில் எனக்குத் துணை அந்தப் புத்தகம்தான். மகள் ஜெஸ்ஸி வளர்ந்த கதையை 'எக்சிட்டிங் நிர்வாணா' என்று 2001-ல் எழுதினார். ஜெஸ்ஸி கல்லூரி ஒன்றின் தபால் பிரிவில் வேலை பார்த்தாள், ஓவியம் வரைந்தாள். குணமாகிவிட்டாள் என்று அம்மா எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

தமிழில் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவலும் லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' நூலும் இருக்கின்றன. உன் மாமியாருக்கு இவைதான் சரி. இரண்டையும் அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன்.

ஸ்டீவ் சில்பர்மேனின் 'நியூரோடிரைப்ஸ்' (2015) தடியான புத்தகம், நேரம் கிடைக்கும்போது போதும். ஆட்டிசம் என்று கண்டறியப்படுவோர் எண்ணிக்கை ஏன் இவ்வளவு கூடியது என்பதற்கு அதில் தெளிவான விளக்கம் உண்டு. முன்பு குறுகலாக இருந்த வரையறை பின்னால் அகலமானது முக்கியக் காரணம். தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்று குறை சொல்பவர்களிடம் பேச உதவும்.

நீ மட்டும் படிக்க வேண்டியது ஒன்று உண்டு: 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பதினெட்டு வயதைக் கடந்த ஆட்டிசம் உள்ளவருக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்க அதில் வழி இருக்கிறது. அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பிறகு அவனைப் பார்ப்பது உன் தலையெழுத்து என்று நாங்கள் நினைக்கவில்லை. உன் விருப்பம் தெரியாமல் எந்தத் தாளிலும் உன் பெயரைப் போட மாட்டோம். படித்துவிட்டு, மாப்பிள்ளையோடு கலந்து, பொங்கலுக்கு வரும்போது சொல்.

அன்புடன்,
அம்மா