மூன்று நாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்

நம் ஊர் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன், காலி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்தான். பாட்டிலைக் காட்டினான், காசைக் கொடுத்தான், அதே மூக்குச் சொட்டு மருந்தைப் புதிதாக வாங்கிக்கொண்டு போனான். யாருக்கு, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி இல்லை. அவனை அனுப்பியது என் அம்மா. காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த மருந்தை அடியோடு நிறுத்தச் சொல்லி, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்த நேரம் அது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து கொடுக்கும்போது, "மூணு நாளைக்கு மேல போடாதீங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதே ஆள் அடுத்த மாதமும் வந்து அதையே கேட்டால், மருந்தைக் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

இந்தச் சொட்டு மருந்துகளில் இருக்கும் சைலோமெட்டாசோலினும் ஆக்சிமெட்டாசோலினும் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்குள் வீங்கிக் கிடக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; சில நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும். சளி பிடித்த இரண்டு மூன்று நாளுக்கு அருமையான மருந்து, அதில் சந்தேகமே இல்லை. விடாமல் போட்டுக்கொண்டே போனால், மருந்தின் வேகம் அடங்கியதும் அந்தக் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அப்போது மூக்கை அடைப்பது சளி இல்லை, மருந்துதான். அதற்கு மருந்து என்று மறுபடி அதையே போட வேண்டியிருக்கும். இது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாட்டிலிலும் எச்சரிக்கை இருக்கிறது, கடுகளவு ஆங்கில எழுத்தில். என் அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, தமிழில்.

ஆரம்பத்தில் ராத்திரி ஒரு தடவை போட்டால் விடியும்வரை தாங்கியது. அப்புறம் நடுச்சாமத்தில் எழுந்து ஒரு தடவை. அப்புறம் மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். தூங்கும்போது பாட்டில் தலையணைக்கு அடியில் இருக்கும். வெளியே போனால் சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில். ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், கை கழுவும் இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தலையை அண்ணாந்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். மூக்கு அடைத்தவருக்குச் சோற்றை மெல்லவும் மூச்சு விடவும் இருப்பது ஒரே வாய். பக்கத்து இலைக்காரர் "என்னக்கா, புரையேறிடுச்சா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

அதோடு முடிந்ததா? ராத்திரி முழுக்க வாய் வழியாக மூச்சு விட்டால் காலையில் தொண்டை காய்ந்து, எச்சில் விழுங்கினாலே வலிக்கும். மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கினால், படுத்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். தொண்டைக்குச் சப்புகிற மாத்திரை, இருமலுக்கு சிரப், சளிக்கு நீங்கள் காகித உறையில் போட்டுத் தரும் வண்ண வண்ண மாத்திரைகள். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் உங்கள் டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. இதுவரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், அரைச் சிவப்பு" என்றுதான் அம்மாவால் சொல்ல முடிந்தது. ஒரு மூக்கை வைத்து நான்கு வியாபாரம் நடந்திருக்கிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அதே கடையில்தான் வாங்குகிறோம். ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தைப் பிரஷர் உள்ளவருக்குக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள்தானே நீங்கள்? கல்லாவில் இருக்கும் தம்பிக்கு அம்மாவை நன்றாகவே தெரியும். பார்த்ததும் "அதேதானே பாட்டி?" என்று எடுத்து வைத்துவிடுவார். அன்பான பிள்ளைதான்.

இத்தனைக்கும் முதலில் வந்தது சாதாரணச் சளிகூட இல்லை. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண்ணரிப்பு, மூக்கில் தண்ணீராகக் கொட்டுவது. தூசி ஒவ்வாமை என்றார் டாக்டர். அவர் விசாரித்தது தலையணையைப் பற்றி. எங்கள் பாட்டி காலத்து இலவம்பஞ்சுத் தலையணை அது. உறையை மாற்றுவோமே தவிர, உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பூட்டிய அறையில் விடிய விடியப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் சேர்ந்துகொண்டது. இப்போது தலையணை மாறிவிட்டது, படுக்கை விரிப்பு வாரம் ஒரு முறை நல்ல சூடான தண்ணீரில் துவைக்கப்படுகிறது, சுருளுக்குப் பதில் கொசுவலை. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுகிறார். மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். சொட்டு மருந்து மாதிரி அது உடனே வேலை செய்யாது; நாள் தவறாமல் அடித்தால் ஒன்றிரண்டு வாரத்தில்தான் பலன் தெரியும். இதற்கு நடுவில், சொட்டை நிறுத்திய முதல் சில நாட்கள் இருக்கிறதே, அது கொடுமை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழித்தார். அந்த நாட்களில் ஒன்றில்தான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மூச்சு முட்டுகிறவர் எதையும் செய்வார். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது நீங்கள்.

சங்கத்தின் சார்பில் என்ன பதில் வரும் என்று தெரியும். "கொடுக்கலன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க சார்." உண்மைதான். இருபது சதவீதம் தள்ளுபடி என்று ஒருவர் பலகை வைத்தால் மறுநாளே எதிர்க்கடையில் இருபத்தொன்று என்று பலகை ஏறுகிறது. இந்தப் போட்டியில் யார் எச்சரிக்கை செய்துகொண்டிருப்பார்கள்? சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் உள்ள மருந்தாளுநரையாவது கேட்கலாம் என்றால், பல கடைகளில் அவரை அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான் தரிசிக்க முடிகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது தயாரித்தவர்கள் செய்த பாவம், கடைக்காரர்கள் செய்ததல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அட்டையில் அச்சிடச் சொல்லி 2023-லேயே உத்தரவு வந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்து "சளிக்கு ஒரு சிரப் குடுங்க" என்று கேட்கும் தாயிடம் குழந்தையின் வயதைக் கேட்கும் கடைகள் நம் ஊரில் எத்தனை? வாய்வழி ஃபினைலெஃப்ரினால் மூக்கடைப்பு குறையவே இல்லை என்று அமெரிக்காவில் நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாகச் சொன்னது. இங்கே அது இன்னும் வண்ண மாத்திரைகளில் ஒன்றாகக் காகித உறைக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.

சரி, பேச வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஊரடங்கின்போது ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் நீங்கள் கடையைத் திறந்து வைத்திருந்ததை நாங்கள் மறக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் ஓடி வருவது உங்களிடம்தான். டாக்டர் பீஸ் கொடுக்க முடியாதவர்களுக்கு நீங்கள்தான் டாக்டர். அவ்வளவு நம்பிக்கை இருப்பதால்தான், உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு இங்கே மதிப்பு அதிகம். நான் சொல்லி அம்மா கேட்கவில்லை. "அதேதானே பாட்டி?" என்று கேட்ட தம்பி "வேண்டாம் பாட்டி, இதான் மூக்கை அடைக்குது" என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

ஆகவே பணிவாக மறுபடி கேட்கிறேன். சொட்டு மருந்து கொடுக்கும்போது "மூணு நாள்" என்று சொல்லுங்கள். அடுத்த மாதமும் வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். சிறுவர்கள் காலி பாட்டிலோடு வந்தால் பெரியவர்களை வரச் சொல்லுங்கள். இருமல் சிரப் கேட்பவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார் என்றால், சிரப்புக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். காசநோய்க்கான அந்தச் சோதனை அங்கே இலவசம். இவற்றையெல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினால் இன்னும் நல்லது. அச்சுக்கூலி சங்கத்துக்குப் பாரமாக இருந்தால் நானே கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்கத் திங்கட்கிழமை கடைக்கு வருவேன். பதிலை அப்போது நேரில் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்