இரண்டு படத்தை ஒன்றாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் மாவட்டவாரியாக எழுத்தறிவுக்கு நீலத்தில் ஒரு படமும், பாலின விகிதத்துக்கு இளஞ்சிவப்பில் ஒரு படமும் அருகருகே போட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறது கட்டுரை. அந்தத் தொடர்பைத்தான் படத்தில் காணோம். ஒரு மாவட்டத்தை இங்கே பார்த்துவிட்டு அங்கே தேடிப் பிடிப்பதற்குள், முதலில் பார்த்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்பது மறந்துபோகிறது.

இரண்டையும் ஒரே படத்தில் ஏற்றலாம். வகுப்பில் பிள்ளைகளைக் கடையிலிருந்து தமிழ்நாடு மேப் வாங்கிவரச் சொல்வேன். எழுத்தறிவை மூன்று தரமாகப் பிரித்து நீலப் பென்சிலால் வெளிர், நடுத்தரம், அடர் எனத் தீட்டுவார்கள். அதன் மேலேயே பாலின விகிதத்துக்கு இளஞ்சிவப்பு, அதுவும் மூன்று தரம். மொத்தம் ஒன்பது நிறம் வரும். 2011 கணக்கெடுப்பில் (அடுத்தது வரும்வரை அதுதானே கதி) எழுத்தறிவு 91.75 சதவீதம், ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள் என்றிருந்த கன்னியாகுமரி அடர் ஊதாவாகிவிடும். 68.54-ம் 946-மாக இருந்த எங்கள் தருமபுரி வெளிறிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அரியலூரைப் பாருங்கள். எழுத்தறிவு 71.34, பாலின விகிதமோ 1015. பளிச்சென்று இளஞ்சிவப்பாக நிற்கும். படிப்பு கூடினால் பெண்கள் எண்ணிக்கையும் கூடும் என்ற கட்டுரையின் வாதம் அங்கே இடறுகிறது. ஆனால் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்தால் அதே அரியலூரில் 897. இளஞ்சிவப்பு போயே போய்விடும்! ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போன இடங்களிலும் மொத்த விகிதம் உயர்ந்து தெரியும். ஆகவே எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே போட வேண்டும்.

சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டாம். கலந்தால் சேற்று நிறம். ஆண்களில் சிலருக்கு அவை இரண்டும் வேறுபட்டே தெரியாது. தரங்களையும் கூட்டாதீர்கள். 1970களில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 16 நிறத்தில் இப்படிப் படங்கள் வெளியிட்டு, வாசிக்கவே முடியவில்லை என்று விமர்சனம் வாங்கிக்கட்டிக்கொண்டது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற ஒன்பது கட்டத்தையும் நகக்கண் அளவில் மூலையில் ஒதுக்காமல் பெரிதாகப் போடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு இது ஆகாது. அதில் ஊதாவும் நீலமும் ஒரே சாம்பல்தான். வண்ணப் பக்கம் கிடைக்காத நாளில் பழையபடி இரண்டு படமே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
அரூர்.