ரத்தம் எடுத்த நேரம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்க்கரை இவ்வளவு இருந்தால் என்ன, கொலஸ்ட்ரால் அவ்வளவு இருந்தால் என்ன என்று உங்கள் பத்திரிகையில் மருத்துவர்கள் நிறைய எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த எண் ரிப்போர்ட்டில் ஏறுவதற்கு முன்னால், கையில் ஊசி குத்தியதிலிருந்து மெஷினுக்குள் போகிறவரைக்கும் நம் ரத்தம் என்ன பாடு படுகிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு இப்போது கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒரு கூத்து நடந்ததால் எழுத உட்கார்ந்தேன்.

என் மாமியாருக்கு 74 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், வழக்கமான பரிசோதனை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பக்கத்திலேயே ஒரு கலெக்‌ஷன் சென்டர். ரத்தத்தை மட்டும் எடுத்து வேறு லேப்புக்கு அனுப்புகிற இடம். காலை ஏழு மணிக்குக் கூட்டிப் போனேன். சின்னப் பெண்தான், மரியாதையாகப் பேசியது. "ஆச்சி, நரம்பு தெரியலை, கையை நல்லா மடக்கி மடக்கி விரிங்க" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவள் எல்லா இடத்திலும் மூக்கை நுழைத்தால் நன்றாகவா இருக்கும் என்று இருந்துவிட்டேன், அதுதான் என் தப்பு.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.9. மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டியது. டாக்டருக்கு முகம் மாறிவிட்டது, அந்த அளவில் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கள் என்றார். வாடகைக் கார் பிடித்து, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போதும் அத்தையின் நாடியைப் பிடித்துக்கொண்டே போனேன். அவரோ பின் சீட்டில் முறுக்கு கடித்துக்கொண்டு வருகிறார். அங்கே ஈசிஜி எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை. புதிதாக ரத்தம் எடுத்து உடனே பார்த்தார்கள்: 4.3. பணியில் இருந்த இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல்ல எடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு லேப்புக்குப் போச்சு?" ரிப்போர்ட்டைப் புரட்டினால் பில் போட்ட நேரம் இருக்கிறது, அச்சடித்த நேரம் இருக்கிறது, ரத்தம் எடுத்த நேரம் மட்டும் இல்லை.

ஊருக்கு வந்ததும் அந்த சென்டரில் போய் விசாரித்தேன், சண்டைக்குப் போகவில்லை. காலையில் எடுத்த டியூப்களை மெஷினில் வேகமாகச் சுற்றி, அணுக்களை அடியில் இறக்கி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரிக்காமல் அப்படியே தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போகிற பையன் வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. எட்டு மணி நேரம். "வெயிலில்லக்கா, கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் ஐஸ்ல வச்சோம்" என்கிறது அந்தப் பெண். அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

உவரியிலிருந்து வருகிற மீனுக்கு ஐஸ் போட வேண்டும். பிரிக்காத ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ்தான் எதிரி. ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிவப்பணுவுக்கு உள்ளேதான் இருக்கிறது. அதை உள்ளே பிடித்து வைப்பதற்கு அணுவின் சுவரில் ஒரு பம்பு மாதிரி ஏற்பாடு ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்ந்தால் அது மெதுவாகி நின்றுவிடும், அப்புறம் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து சீரத்தில் சேரும். இதில் கொடுமை என்னவென்றால், சிவப்பணு உடைந்தால் சீரம் சிவப்பாகத் தெரியும், பார்த்ததுமே ஹீமோலைஸ் ஆகிவிட்டது என்று டெக்னீஷியன் தூக்கி வைத்துவிடுவார். ஐஸில் கசிந்தால் சீரம் பார்க்க நல்ல மஞ்சளாகவே இருக்கும், மெஷினும் சத்தியமாகத்தான் 6.9 என்று சொல்லும். டியூபில் அவ்வளவு இருந்தது உண்மை, அத்தையின் உடம்பில் இல்லை. போதாதற்குக் கையை மடக்கி மடக்கி விரித்ததும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றியிருக்கும். (எல்லாவற்றுக்கும் ஐஸ் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மோனியா மாதிரி சில டெஸ்டுகளுக்கு ஐஸில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.)

சரி, ஐஸ் இல்லாமல் வெளியே வைத்தால்? அப்போது சர்க்கரை மாட்டிக்கொள்ளும். டியூபுக்குள் இருக்கிற அணுக்களுக்கும் பசிக்கும் அல்லவா, சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸைத் தின்றுவிடும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் வேகம். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு நாலு மணி நேரம் கிடந்த ரத்தத்தில் நூறுக்குப் பக்கத்தில் வரும், அவரும் சர்க்கரையே இல்லை என்று சந்தோஷமாகப் போய் அல்வா வாங்கிச் சாப்பிடுவார். சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு டியூப் இதற்காகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுதாகத் தடுக்காது. பொட்டாசியம் தப்பாக ஏறினால் காரில் ஓடுகிறோம், அதனால் வெளியே தெரிந்துவிடுகிறது. சர்க்கரை தப்பாக இறங்கினால் யாரும் ஓடுவதில்லை, கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய பயம்.

நானும் யோக்கியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா டியூபுக்குள் போட்டிருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு, கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன், படித்தது கைக்கு வரவில்லை. பொட்டாசியம் மேலே பறந்துவிட்டது, கால்சியம் தரையில் கிடந்தது. எங்கள் சீனியர் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ரிப்போர்ட்டுக்கு உள்ள ஆளு இந்நேரம் உயிரோட இருக்க முடியாதே, வெளிய உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்காரு" என்றார். அன்றைக்குக் கற்றது.

இன்னொரு வம்பு பெயர். நம் பக்கத்தில் வரிசையில் நின்று இசக்கியம்மாள் என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வருவார்கள், சுடலைமுத்துவும் அப்படித்தான். "நீங்கதான இசக்கியம்மா?" என்று கேட்டால் காது மந்தமான ஆச்சி எதற்கும் தலையை ஆட்டிவிடும். "உங்க பேர் என்ன, வயசு என்ன?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு, ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால் டியூபில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். முன்கூட்டியே பத்து காலி டியூபில் பெயர் எழுதி அடுக்கி வைக்கிற பழக்கம் ரொம்ப ஆபத்து.

வருகிறவர்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், "கருப்பட்டிக் காப்பிதானே குடிச்சேன், சீனியா போட்டேன்?" என்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். இன்னும் சிலர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடிப்போய் வருவார்கள், நரம்பே சிக்காது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். யூரினைக் கழுவிய டானிக் பாட்டிலில் கொண்டு வரக் கூடாது. சளி கேட்டால் எச்சிலைத் துப்பக் கூடாது, காலையில் எழுந்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும், டிபிக்கு எச்சிலில் ஒன்றும் தெரியாது. சாம்பிள் சரியில்லை, திரும்ப வாங்க என்று லேப்பில் கூப்பிட்டால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள். அப்படிக் கூப்பிடுகிற லேப்தான் நல்ல லேப். கூப்பிடாமல் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்புகிறவர்களிடம்தான் சண்டை போட வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கலெக்‌ஷன் சென்டர் என்று போர்டு மாட்டினால் உள்ளே ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் (டியூபைச் சுற்றுகிற மெஷின்) இருக்க வேண்டும், ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, சுற்றி, சீரத்தைப் பிரித்த பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். ஏசி மாட்டுகிற செலவோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரமும் லேப்புக்கு வந்து சேர்ந்த நேரமும் அச்சாக வேண்டும். மாவட்ட சுகாதாரத் துறை இந்த இரண்டையும் கட்டாயமாக்கினால் போதும். ரத்தம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிட்டால் காசு வாங்காமல் வருவோம்.

அத்தைக்கு அடுத்த மாதம் திரும்பப் பார்க்க வேண்டும். காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்கே போய்விடலாம் என்றேன். "எதுக்குளா அவ்வளவு தூரம்? அந்தப் பிள்ளைகிட்டயே போவோம், அது வலிக்காம குத்துச்சு" என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
கல்லிடைக்குறிச்சி.