பாய்க்கோரையை வேரோடு வார வேண்டாம்

ஆசிரியருக்கு,

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் தாமிரபரணிக் கால்வாய்களில் பொக்லைன் இறங்குவது வழக்கம். அமலைச் செடி எனும் ஆகாயத்தாமரையை அள்ளட்டும், நல்லதுதான். ஆனால் அதே வாளியில் கரையோரப் பாய்க்கோரையும் கிழங்கோடு போய்விடுகிறது. பத்தமடைப் பாய்க்குப் பேர் வாங்கித் தந்த புல் அது.

கோரை என்றாலே களை என்ற எண்ணம் இருக்கிறது. வயலில் தொல்லை தரும் கோரை முழங்காலைத் தாண்டாது. பிடுங்கினால் அடியில் மணமுள்ள கருங்கிழங்கு வரும். பாய்க்கோரை இடுப்புக்கு மேல் நிற்கும். இலையென்று சொல்ல அதிகம் இல்லை. நெடிய பச்சைத் தண்டு, உச்சியில் குட்டையாய் இரண்டு மூன்று இலை, பழுப்புப் பூ. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டும். சம்பு என்ற நீர்ப்புல்லையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அதன் இலை தட்டையானது, கதிர் சுருட்டு மாதிரி இருக்கும்.

தண்ணீர் வேகம் குறைந்து வண்டல் படியும் ஓரத்தில், கணுக்கால் ஈரத்தில்தான் இது நன்றாக வரும். கரையைச் செங்குத்தாகச் செதுக்கினால் அந்த ஓரமே இல்லாமல் போகும். ஆழத்திலும் காய்ந்த மேட்டிலும் இது பிழைக்காது. மணல் அள்ளி ஆறு தாழ்ந்த இடங்களில் நடப்பதும் இதுதான்.

நான்கு விரல் தாள் விட்டு அரிவாளால் அறுத்தால் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி தழைக்கும். பூ முற்றுமுன் அறுக்க வேண்டும். முற்றிய தண்டு மடக்கினால் முறியும். அறுத்த பச்சையிலேயே கீறி உள்சோற்றை எடுத்துவிட வேண்டும், காய்ந்தபின் மெல்லிய கீற்று வராது. பாதி காய்ந்ததில் மழை பட்டால் கரும்புள்ளி விழும், சாயம் ஒட்டாது. பிறகு ஓடும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சாக்கடை கலந்த தேங்கு நீரில் போட்டால் நாற்றமும் நிறமும் ஏறிவிடும், மெல்லிய நூல் பாவில் நெய்யும் நயப் பாய்க்கு அது ஆகவே ஆகாது.

கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் கோரையைப் பயிராகவே போடுகிறார்களே, அங்கே வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், வண்டிக்கூலி நெசவாளர் தலையில்தான் விழும்.

கால்வாயின் நடுவில் முளைத்த கோரை நீரை மறிக்கும், அதை எடுக்கத்தான் வேண்டும். ஓரத்தில் நிற்பதை விட்டுவிடலாம். எடுக்கிற கிழங்கையும் குப்பையில் கொட்டாமல், சாண் அகலக் கட்டிகளாக வெட்டி, அன்றைக்கே நீர்விளிம்பில் அடிக்கு ஒன்றாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வெயிலில் குவித்து வைத்தால் கிழங்கு வதங்கிவிடும். தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே நீர்வளத்துறை இதை எழுதிச் சேர்க்க வேண்டும்.

– வாசகர், சேரன்மகாதேவி